லேப் லினக்ஸ் மெஷின்ல "இந்த சாஃப்ட்வேர் போட்டுக் குடுங்க"ன்னு கேட்டா எந்த வழியில போடுறது?

காலேஜ் லேப், ரிசர்ச் குரூப், நடுத்தர ஆபீஸ்னு முப்பது மெஷின்ல இருந்து இருநூறு மெஷின் வரைக்கும் லினக்ஸ் வெச்சுப் பாத்துக்கிறவங்க திரும்பத் திரும்பக் கேக்குறது இதுதான். யூசருங்க தினம் ஒரு சாஃப்ட்வேர் கேக்குறாங்க, ஆப்ட்ல (உபுண்டுவோட பேக்கேஜ் டூல்) போட்டுக் குடுக்கவா, சுடோ (ரூட்டா, அதாவது முழு அட்மின் அதிகாரத்தோட கமாண்ட் ஓட்டுற அனுமதி) குடுத்து நீங்களே போட்டுக்கோங்கன்னு விட்றவா, கோண்டா (யூசரே தன் ஹோம்ல போட்டுக்கிற பேக்கேஜ் டூல்) பக்கம் தள்ளி விடவா, இல்ல எல்லாத்தையும் கன்டெய்னர்ல (சாஃப்ட்வேரும் அதுக்கு வேண்டியதும் சேந்த ஒரே பொட்டலம்) அடைச்சிடவா?

நான் மனசுல வெச்சு எழுதுற செட்டப் இது: உபுண்டு எல்டிஎஸ் (பல வருஷம் அப்டேட் வர்ற வெர்ஷன்), 22.04 இல்லன்னா 24.04. லாகின் எல்டாப்ல (எல்லா மெஷினுக்கும் பொதுவான யூசர் பட்டியல்), ஹோம் டைரக்டரி என்எஃப்எஸ்ல (நெட்வொர்க் வழியா சர்வர்ல இருந்து வர்ற ஃபைல்), எல்லா மெஷினும் ஆன்சிபிள் (ப்ளேபுக்னு ஒரு ஃபைல்ல எழுதினதை எல்லா மெஷின்லயும் செஞ்சு வெக்கிற டூல்) வழியா ஒரே மாதிரி, யூசருக்கு ரூட் கிடையாது. ராக்கி, ஆல்மா (ரெட்ஹேட் வழி லினக்ஸ்) ஓட்டுறவங்களுக்கும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான், ஆப்ட்னு வர்ற இடத்துல டிஎன்எஃப், யுனிவர்ஸ்னு வர்ற இடத்துல ஈபெல்னு (ரெண்டும் கூடுதல் பேக்கேஜ் கிடங்கு) படிச்சுக்கோங்க.

என் கட்சியை முன்னாடியே சொல்லிடுறேன். போடுறது அஞ்சு நிமிஷ வேலை, அதை வெச்சு வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. போட்டதுக்கு அப்புறம் அந்த சாஃப்ட்வேரை யாரு பாத்துக்கப் போறாங்கங்கறதுதான் வழியைச் சொல்லணும்.

## எதையெல்லாம் வெச்சு எடை போடுறது

முதல்ல, அதுல ஒரு செக்யூரிட்டி ஓட்டை வெளிய வந்தா யாரு பேட்ச் பண்ணுவாங்க. டிஸ்ட்ரோவா (உபுண்டு மாதிரி லினக்ஸை வெளியிடுறவங்க), நீங்களா, யூசரா, இல்ல யாருமே இல்லையா. நடைமுறையில கடைசி பதில்தான் ஜாஸ்தி.

அடுத்து, நாளைக்கு ஒரு மெஷினோட டிஸ்க் போயி புதுசா ஓஎஸ் ஏத்துனா அந்த சாஃப்ட்வேர் தானா வந்து உக்காருமா. கையால போட்டதெல்லாம் அன்னிக்குத் தொலைஞ்சுடும், 14ஆம் நம்பர் மெஷின்ல மட்டும் ஓடுதுன்னு பசங்க அந்த ஒரு சீட்டுக்கு அடிச்சுக்கிறது இதனாலதான்.

மூணாவது, எத்தனை பேருக்கு வேணும், எத்தனை வெர்ஷன் வேணும். நாலாவது, இதுக்காக ரூட் பவர் யார் கைக்குப் போகுது. அப்புறம் டிஸ்க் இடம், ஃபைல் எண்ணிக்கை, லைசென்ஸ். கடைசியா, பல அட்மின்கள் எண்ணிக்கையிலயே சேக்காத ஒண்ணு, கேட்டதுல இருந்து கைக்கு வர்ற நாள். நீங்க பத்து நாள் இழுத்தா யூசர் சும்மா உக்காந்திருக்க மாட்டாரு, இன்டர்நெட்ல கிடைச்ச ஏதோ ஒரு ஸ்கிரிப்ட்டை கர்ல்ல இழுத்து பேஷ்ல தள்ளி (டவுன்லோட் பண்ணி அப்படியே ஓட்டி) அவரா ஒரு வழி கண்டுபிடிச்சுக்குவாரு, அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

இதுல முதல் ரெண்டுக்கும்தான் நான் ஜாஸ்தி வெயிட் குடுப்பேன்.

## வழிக்குப் போறதுக்கு முன்னாடி

ரிக்வெஸ்ட் வந்த உடனே போட்டுடாதீங்க, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க. "ஓபன்சிவி வேணும்"னு கேக்குறவருக்கு நிஜமா வேண்டியது பைத்தான் மாட்யூல், அதை வென்வ்ல (ஒரு ப்ராஜெக்ட்டுக்குன்னு தனியா வெக்கிற பைத்தான் இடம்) அவரே ரெண்டு நிமிஷத்துல போட்டுக்கலாம். "ஜிசிசி 13 போடுங்க"ன்னு கேக்குறவர் பாத்தா ஒரு மேக்ஃபைல்ல யாரோ எழுதி வெச்ச வரியைப் பாத்து பயந்து கேட்டிருப்பாரு.

இதுல ரொம்ப நல்ல உதாரணம் ஆர் லாங்குவேஜ். யூசர் "எஸ்எஃப் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது, போட்டுக் குடுங்க"ன்னு கேப்பாரு. ஆர் பேக்கேஜை ஹோம்ல போட்டுக்க அவருக்கு ரூட் தேவையே இல்ல, மாட்டுற இடம் வேற: கம்பைல் ஆகும்போது ஜிடால், ஜியாஸ், ப்ராஜ்னு மேப் டேட்டாவுக்கான லைப்ரரிகளோட ஹெடர் ஃபைல் சிஸ்டத்துல இல்ல, அதான் எரர். எக்ஸ்எம்எல்2, கர்ல் பேக்கேஜுக்கும் இதே கதை. அப்போ நீங்க போட வேண்டியது டெவ்னு முடியிற அந்த ஹெடர் பேக்கேஜ்களை மட்டும், அதுவும் எல்லா மெஷின்லயும் ஒரே தடவை. மேல இருக்கிற ஆர் பேக்கேஜை யூசர் தனக்கு வேண்டிய வெர்ஷன்ல வெச்சுக்குவாரு. அடித்தளம் அட்மின் கையில, மேல் மாடி யூசர் கையிலன்னு இப்படிப் பிரிக்க முடிஞ்சா முக்கால்வாசி ரிக்வெஸ்ட் அதுக்கப்புறம் வரவே வராது. டெவ் பேக்கேஜ் கேட்டு யாராவது வந்தா நான் யோசிக்கிறதே இல்ல, உடனே ப்ளேபுக்ல சேத்துடுவேன், அதுல ஓடுற சர்வீஸ் ஒண்ணும் கிடையாது, கெடுதலும் இல்ல.

## வழி 1: டிஸ்ட்ரோ பேக்கேஜ், ஆன்சிபிள் வழியா

கிடைக்கிற இடத்துல எல்லாம் இதுதான் முதல் தேர்வு. பேட்ச் வேலையை டிஸ்ட்ரோ பாத்துக்குது, ப்ளேபுக்ல ஒரு வரி இருந்தா புது மெஷின்லயும் தானா வந்துடுது, கிட்ல (ப்ளேபுக்ல மாத்தினதை எல்லாம் பதிஞ்சு வெக்கிற டூல்) யாரு கேட்டு எப்போ போட்டோம்னு பதிவும் நிக்குது.

ஆனா மறைமுகச் செலவு இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. உபுண்டுல மெயின் ரெப்போல (பேக்கேஜ் கிடங்கு) இருக்கிறதுக்கு 5 வருஷம் செக்யூரிட்டி அப்டேட்டை உபுண்டுவை வெளியிடுற கேனானிக்கல் குடுக்குது. யுனிவர்ஸ்ல இருக்கிறது கம்யூனிட்டி பாத்துக்கிறது, அதுக்கு உறுதியான அப்டேட் வேணும்னா உபுண்டு ப்ரோ எடுக்கணும், தனி ஆளுக்கு 5 மெஷின் வரைக்கும் ஃப்ரீ, லேபுக்கு அது பத்தாது. சயின்ஸ் சாஃப்ட்வேர் பெரும்பாலும் யுனிவர்ஸ்லதான் இருக்கு. ஆப்ட்ல போட்டுட்டோம், அப்டேட் தானா வருதுன்னு நிம்மதியா இருக்கறதுக்கு முன்னாடி பேக்கேஜ் எந்தப் பகுதியில இருக்குன்னு ஆப்ட் பாலிசி அடிச்சுப் பாத்துக்கோங்க.

பிபிஏ (தனி ஆட்கள் உபுண்டுக்காக நடத்துற ரெப்போ), வெளி ரெப்போ கதை இன்னும் மோசம். ஒரு வெளி ரெப்போவைச் சேக்கும்போது அதை நடத்துறவருக்கு உங்க எல்லா மெஷின்லயும் ரூட்டைக் குடுக்குறீங்க, ஏன்னா பேக்கேஜோட டெப் ஃபைல்குள்ள இருக்கிற இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ரூட்டாதான் ஓடும். அதோட அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ் (தானா அப்டேட் போடுற சர்வீஸ்) டிஃபால்ட்டா வெளி ரெப்போவைத் தொடாது, நீங்க கான்ஃபிக்ல சேக்கலன்னா அந்த பேக்கேஜ் போட்ட அன்னிக்கு இருந்த வெர்ஷன்லயே கிடக்கும். ஓஎஸ்ஸை அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு ஏத்தும்போது வெளி ரெப்போவை எல்லாம் அதுவே டிஸேபிள் பண்ணிட்டுப் போயிடும், அப்புறம் ஒவ்வொண்ணா தேடிப் பிடிக்கணும். விஎஸ் கோடோட டெப் ஃபைல் மாதிரி சிலது இன்ஸ்டால் ஆகும்போதே தன்னோட ரெப்போவையும் சேத்து விட்டுடும், அது தெரிஞ்சு போடுங்க.

இன்னொரு பொறி: டெபியன், உபுண்டுல சர்வர் பேக்கேஜ் போட்ட அடுத்த நொடியே சர்வீஸ் ஓட ஆரம்பிச்சிடும். ஒரு ஸ்டூடண்ட் போஸ்ட்கிரெஸ் கேட்டாருன்னு அறுபது மெஷின்ல போட்டா அறுபது டேட்டாபேஸ் சர்வர் எழுந்து உக்காந்திருக்கும். அவருக்கு வேணும்னது பிஎஸ்க்யூஎல் கிளையன்ட் மட்டும்தான்னு அப்புறம் தெரிய வரும். கிளையன்ட் தனி பேக்கேஜா இருக்கு, அதைப் போடுங்க. ரெட்ஹேட் பக்கம் இந்தத் தொல்லை இல்ல, நீங்க எனேபிள் பண்ணாதான் ஓடும், இந்த ஒரு விஷயத்துல அவங்க பழக்கம்தான் எனக்குப் பிடிக்கும்.

ரெக்கமெண்ட்ஸ்னு கூட இழுத்துட்டு வர்றதையும் பாருங்க, சின்ன டூல் கேட்டா ஒரு மெயில் சர்வரே பின்னாடி வரும். எதையும் எல்லா மெஷினுக்கும் தள்றதுக்கு முன்னாடி ஒரு மெஷின்ல ஆப்ட்-கெட்டை எஸ் (-s) ஆப்ஷனோட சிமுலேட் பண்ணி எது வருது, முக்கியமா எது ரிமூவ் ஆகுதுன்னு படிச்சிடுங்க. ஆன்சிபிள்ல ஸ்டேட் ப்ரெசன்ட்னு எழுதுங்க, லேட்டஸ்ட்னு எழுதினா என்னிக்கோ ஒரு நாள் ப்ளேபுக் ஓட்டும்போது எக்ஸாம் நடக்கிற லேப்ல வெர்ஷன் மாறி நிக்கும்.

ஜிபியு மெஷினுக்குத் தனி எச்சரிக்கை. என்விடியா டிரைவர் கர்னலோட ஒட்டுனது, அதை டிஸ்ட்ரோ பேக்கேஜாதான் போடணும், ஆனா அது பின்னணியில தானா அப்டேட் ஆச்சுன்னா மெமரில ஓடுற டிரைவரும் டிஸ்க்ல இருக்கிற லைப்ரரியும் வேற வேற வெர்ஷன் ஆகி, ரீபூட் பண்ற வரைக்கும் என்விடியா-எஸ்எம்ஐ (ஜிபியு நிலவரம் காட்டுற கமாண்ட்) மிஸ்மேட்ச்னு கத்தும். டிரைவரை மட்டும் தானா அப்டேட் ஆகாம ஹோல்ட்ல வெச்சு, லேப் காலியா இருக்கிற நேரத்துல நீங்களே ஏத்துங்க. கூடா (CUDA, ஜிபியுக்கு புரோகிராம் எழுதுற) டூல்கிட்டை சிஸ்டத்துல போட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்ல, மெஷின் லேர்னிங் லைப்ரரி பைடார்ச்சோட வீல் (ரெடிமேட் பைத்தான் பேக்கேஜ்) தனக்கு வேண்டியதை அதுவே கொண்டு வந்துடும்.

எப்போ இது சரி: பல பேருக்கு வேணும், டிஸ்ட்ரோல இருக்கிற வெர்ஷன் கொஞ்சம் பழசா இருந்தாலும் பரவால்ல. கம்பைலர், எடிட்டர், டெவ் ஹெடர், லேடெக் எல்லாம் இதுலதான்.

## வழி 2: சுடோ குடுத்துடுறது

"முழு சுடோ குடுக்கலங்க, ஆப்ட் இன்ஸ்டால் மட்டும்தான் அலவ் பண்ணியிருக்கேன்"னு சொல்றவங்க நிறைய. அது பேப்பர்ல போட்ட பூட்டு. ஆப்ட்டை ரூட்டா ஓட்ட விட்டா, ஓ (-o) ஆப்ஷன் வழியா அப்டேட்டுக்கு முன்னாடி இந்த கமாண்டை ஓட்டுன்னு சொல்லி ரூட் ஷெல்லே வாங்கிடலாம். அதைத் தடுத்தாலும், தானே செஞ்ச டெப் ஃபைலை இன்ஸ்டால் பண்ணி அதுக்குள்ள இருக்கிற ஸ்கிரிப்ட்டால என்ன வேணா பண்ணலாம். லிமிட்டெட் சுடோன்னு நீங்க நினைச்சுக்கிறது முழு சுடோதான்.

கையெழுத்துப் போட்ட பேக்கேஜை மட்டும் யூசர் போட்டுக்கட்டும்னு ஒரு நடுவழியும் உண்டு, பேக்கேஜ்கிட்டும் (பேக்கேஜ் போடுற சர்வீஸ்) போல்கிட்டும் (யாருக்கு என்ன அனுமதின்னு முடிவு பண்றது) சேந்து அதைச் செய்யும். 2009ல ஃபெடோரா 12 இதை டிஃபால்ட்டாவே வெச்சு வந்துச்சு, மெஷின் முன்னாடி உக்காந்திருக்கிற எந்த யூசரும் பாஸ்வேர்ட் இல்லாம சைன் பண்ண பேக்கேஜைப் போட்டுக்கலாம்னு. அட்மின்கள் போட்ட சத்தத்துல சீக்கிரமே ஒரு அப்டேட் விட்டு ரூட் பாஸ்வேர்ட் கேக்குற மாதிரி மாத்திட்டாங்க. சைன் பண்ணதா இருந்தாலும் புதுசா ஒரு சர்வீஸ், புதுசா ஒரு செட்யுஐடி பைனரி (யாரு ஓட்டுனாலும் ஓனரோட, பெரும்பாலும் ரூட்டோட, அதிகாரத்துல ஓடுற புரோகிராம்) உள்ள வருது இல்லையா, அதான் பயம்.

இதுல பெரிய மறைமுகச் செலவு என்எஃப்எஸ். ரூட் ஸ்குவாஷ் (கிளையன்ட்ல இருந்து ரூட்டா வர்றவரை சர்வர் சாதாரண ஆளா நடத்துற செட்டிங்) போட்டிருக்கோம், ஒரு மெஷின்ல ரூட் போனா ஹோம் சர்வருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பிட்டு இருப்போம். சாதாரண என்எஃப்எஸ்ல கிளையன்ட் மெஷின் என்ன யூஐடி (யூசர் நம்பர்) சொல்லுதோ அதைத்தான் சர்வர் நம்புது. ரூட் கிடைச்சவரு எஸ்யு அடிச்சு பக்கத்து சீட் மாணவரா மாறிட்டா அவரோட ஹோம் ஃபைல் மொத்தமும் திறந்து கிடக்கும், ரூட் ஸ்குவாஷ் அங்க எதையும் தடுக்காது, ஏன்னா இப்போ வர்றது ரூட் இல்லையே. ப்ரொஃபசரோட கொஸ்டின் பேப்பர் அதே சர்வர்ல இருந்தா யோசிச்சுக்கோங்க. கெர்பரோஸ் (ஒவ்வொரு யூசரையும் தனியா சரிபாக்குற முறை) போட்ட என்எஃப்எஸ்ல நிலைமை ரொம்பத் தேவலாம், ஆனா அதை ஒழுங்கா நடத்துறது இன்னொரு முழு வேலை.

எப்போ இது சரி: ஒரே ஆள் உக்கார்ற மெஷின், பொது ஹோம் மவுன்ட் ஆகல, கெட்டுப் போனா துடைச்சுட்டு புதுசா ஏத்திக் குடுப்பேன், உள்ள இருக்கிற டேட்டாவுக்கு நான் பொறுப்பில்லன்னு முன்னாடியே பேசி வெச்சிருக்கீங்க. டிரைவர் எழுதுற ஆளு, கர்னல் பக்கம் வேலை செய்யிற ஆளுக்கு எல்லாம் வேற வழியும் இல்ல. அவங்களுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின் குடுத்து அதுல ரூட் குடுத்தா ரெண்டு பக்கமும் சந்தோஷம்.

## வழி 3: யூசர் தன் ஹோம்ல போட்டுக்கிறது

பைத்தான் வென்வ், கோண்டா, ஆர் லைப்ரரி, ரஸ்ட்டோட கார்கோ, ஜாவாஸ்கிரிப்ட்டோட என்பிஎம் எல்லாம் இதுல வரும். கேட்டதுக்கும் கிடைக்கிறதுக்கும் நடுவுல காத்திருப்பே கிடையாது, வெர்ஷன் சண்டையும் கிடையாது. ரிசர்ச் பண்றவங்களுக்கு இதுதான் நிஜமா வேணும், அவங்களுக்கு போன மாசம் வெளிவந்த லைப்ரரி வேணும், ரெண்டு வருஷ பழசான எல்டிஎஸ் பேக்கேஜை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

டெபியன் 12லயும் உபுண்டு 24.04லயும் வென்வ் இல்லாம பிப் (பைத்தானோட பேக்கேஜ் டூல்) இன்ஸ்டால் அடிச்சா, இது வெளியில இருந்து மேனேஜ் ஆகுற என்விரான்மென்ட்னு சொல்லி மறுத்துடும். நல்ல விஷயம். ஆனா பசங்க கூகுள்ல தேடி பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்னு ஆப்ஷன் போட்டுத் தாண்டிடுறாங்க, அது ஹோம்ல லோக்கல் டைரக்டரில போய் உக்காந்துக்குது, அப்புறம் சிஸ்டம் பைத்தான்ல ஓடுற வேற ஏதோ டூல் இந்த மாட்யூலை எடுத்து உளறும். "என் லாகின்ல மட்டும் ஓட மாட்டேங்குது"ன்னு டிக்கெட் வந்தா நான் முதல்ல பாக்குற இடம் அதான். எல்டிஎஸ் மாறும்போதும் ஒரு அடி இருக்கு, 22.04ல பைத்தான் 3.10, 24.04ல 3.12, பழைய வென்வ் எல்லாம் அன்னிக்கு செத்துடும். ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் (வேண்டிய பேக்கேஜ் பட்டியல்) வெச்சிருக்கிறவன் பத்து நிமிஷத்துல திரும்பக் கட்டிக்குவான், மத்தவங்க உங்க வாசல்ல நிப்பாங்க.

கோண்டால டிஸ்க் இடத்தை விட ஃபைல் எண்ணிக்கைதான் பிரச்சனை. ஒரு சாதாரண மெஷின் லேர்னிங் என்விரான்மென்ட்லயே பல்லாயிரக்கணக்கான குட்டி குட்டி ஃபைல், ஆளுக்கு நாலு என்விரான்மென்ட், அது அத்தனையும் என்எஃப்எஸ்ல, ஒரு இம்போர்ட் அடிச்சா சர்வர் மூச்சு வாங்கும், பேக்கப்பும் விடியற வரைக்கும் முடியாது. கோட்டா வெச்சா ஜிபிக்கு மட்டும் வெக்காதீங்க, ஐநோடுக்கும் (ஃபைல் எண்ணிக்கைக்கும்) வெய்யுங்க. முடிஞ்சா ஒவ்வொரு மெஷின்லயும் லோக்கல் ஸ்க்ராட்ச் (தற்காலிக டிஸ்க் இடம்) குடுத்து என்விரான்மென்ட்டை அங்க வெக்கச் சொல்லுங்க.

லைசென்ஸ் பக்கம்: அனகோண்டா கம்பெனி 2020ல இருந்து விதியை இறுக்கிடுச்சு, 200 பேருக்கு மேல இருக்கிற நிறுவனம் அவங்களோட டிஃபால்ட்ஸ் சேனலை (கோண்டா பேக்கேஜ் எடுக்கிற கிடங்கு) யூஸ் பண்ணா காசு கட்டணும். படிக்கிற இடத்துக்கு விலக்கு உண்டு, ஆனா அதோட எல்லையை உங்க லீகல் ஆள்தான் படிச்சுச் சொல்லணும். இந்தத் தலைவலியே வேண்டாம், மினிஃபோர்ஜ் போடச் சொல்லுங்க, அது கோண்டா-ஃபோர்ஜ் சேனலை எடுத்துக்கும், கமாண்ட் எல்லாம் அதேதான்.

ரூட் இல்லாமதானே போடுறாங்க, ஆபத்து இல்லன்னு நினைக்காதீங்க. 2022 டிசம்பர் கடைசியில பைடார்ச் நைட்லி (தினம் வெளிவர்ற சோதனை) வெர்ஷனை பிப்ல போட்டவங்களுக்கு டார்ச்ட்ரைட்டன்கிற பேர்ல ஒரு போலி டிப்பெண்டன்சி உள்ள வந்துச்சு, எஸ்எஸ்ஹெச் கீயையும் ஹோம்ல இருக்கிற ஃபைல்களையும் படிச்சு வெளிய அனுப்புற வேலையைச் செஞ்சுச்சு. அதுக்கு ரூட்டே தேவைப்படல. ஹோம்ல இருக்கிறதை எடுத்துட்டுப் போனா யூசரோட மொத்த வேலையும் போச்சு, ரூட் பத்திரமா இருந்து அவருக்கு என்ன லாபம்.

எப்போ இது சரி: ஒருத்தருக்கோ ஒரு ப்ராஜெக்ட்டுக்கோ மட்டும் வேணும், வெர்ஷன் முக்கியம், போட்டவரே அதைப் பாத்துக்குவாரு. ஒரு கிளாஸ் மொத்தத்துக்கும் ஒரே என்விரான்மென்ட் வேணும்னா இது தப்பான வழி, அறுபது பேர் ஹோம்ல அறுபது காப்பி.

## வழி 4: பொது மரம், மாட்யூல் லோட்

பெரிய கிளஸ்டர்கள்ல பாத்திருப்பீங்க, எல்லா மெஷின்லயும் மவுன்ட் ஆகுற ஒரு பொது டைரக்டரி மரத்துல சாஃப்ட்வேரைக் கட்டி வெச்சு, மாட்யூல் லோட்னு கமாண்ட் போட்டு வேண்டிய வெர்ஷனை எடுத்துக்கிறது. இந்த யோசனை 1990களோட தொடக்கத்துல இருந்தே இருக்கு. இப்போ பெரும்பாலும் டெக்சஸ்ல டாக் (TACC) சூப்பர்கம்ப்யூட்டர் சென்டர்ல எழுதுன எல்மாட், அதுக்குப் பின்னாடி கட்டுறதுக்கு பெல்ஜியத்துல கென்ட் யுனிவர்சிட்டில பிறந்த ஈஸிபில்ட், இல்லன்னா அமெரிக்காவுல லாரன்ஸ் லிவர்மோர் லேப்ல இருந்து வந்த ஸ்பேக்.

ஒரே சாஃப்ட்வேரோட அஞ்சு வெர்ஷன் பக்கத்துப் பக்கத்துல சண்டை போடாம இருக்கும், ஒரு தடவை கட்டுனா எல்லா மெஷின்லயும் தெரியும், ரூட் தேவையில்ல, ரெசிபி ஃபைல் இருக்கிறதால திரும்பக் கட்டவும் முடியும். மேட்லாப் மாதிரி லைசென்ஸ் சர்வர் பாத்து ஓடுற கமர்ஷியல் சாஃப்ட்வேருக்கு இதை விட நல்ல இடம் கிடையாது.

செலவு? உங்க நேரம். ஸ்பேக்ல ஒரு சிமுலேஷன் கோடைக் கட்டச் சொன்னா அது கம்பைலர்ல இருந்து ஆரம்பிச்சு நூத்துக்கு மேல டிப்பெண்டன்சியை வரிசையா கட்டும், ராத்திரி விட்டுட்டுப் போயி காலைல வந்து பாத்தா தொண்ணூறாவதுல நின்னிருக்கும். அதுக்கும் மேல, கட்டி முடிச்சதை யாரும் பேட்ச் பண்றதில்ல. அந்த மரத்துக்குள்ள இருக்கிற ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு (என்கிரிப்ஷன் லைப்ரரி) டிஸ்ட்ரோ அப்டேட் போய்ச் சேராது, அதனாலதான் விவரமானவங்க ஓபன்எஸ்எஸ்எல்லை மட்டும் சிஸ்டத்துல இருந்து எடுத்துக்கச் சொல்லி கான்ஃபிக் பண்ணுவாங்க. ஓஎஸ் மாறும்போது மொத்த மரத்தையும் திரும்பக் கட்டணும், பழைய மரத்தைத் தூக்க யாருக்கும் மனசு வராது, டிஸ்க் ரொம்பும்.

எப்போ இது சரி: இருபது முப்பது பேருக்கு மேல, பல வெர்ஷன், சிபியுக்கு ஏத்த மாதிரி வேகமா ஓடணும், இதுக்குன்னே ஒரு ஆளோட நேரத்துல பாதியாவது இருக்கு. ஆள் இல்லன்னா ஆரம்பிக்காதீங்க. பாதியில விட்ட மாட்யூல் மரத்தை விட மோசமான சொத்து ஒரு லேப்ல கிடையாது.

## வழி 5: கன்டெய்னர்

டாக்கர் (பிரபலமான கன்டெய்னர் டூல்) கேப்பாங்க. டாக்கர் குரூப்ல சேத்து விடாதீங்க, அது ரூட்டேதான், ஹோஸ்ட்டோட மொத்த ஃபைல் சிஸ்டத்தையும் உள்ள மவுன்ட் பண்ணிட்டு என்ன வேணா பண்ணலாம், டாக்கர் கம்பெனியோட டாக்குமென்ட்லயே இந்த எச்சரிக்கை இருக்கு.

பொது மெஷினுக்குப் பொருத்தமானது ஆப்டெய்னர். முன்னாடி சிங்குலாரிட்டின்னு பேரு, லாரன்ஸ் பெர்க்லி லேப்ல கிரெகரி கர்ட்சர் ஆரம்பிச்சது (ராக்கி லினக்ஸ் ஆரம்பிச்சதும் அதே மனுஷன்தான்), 2021ல லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனப்போ பேர் மாறுச்சு. யூசர் வெளியில என்ன ஆளோ உள்ளயும் அதே ஆள், ஹோம் தானா தெரியும், ஜிபியுக்கு என்வி (--nv) ஆப்ஷன் போட்டா போதும். இமேஜ் (கன்டெய்னருக்கு உள்ள இருக்கிற எல்லாம் சேந்தது) மொத்தமும் ஒரே ஒரு ஃபைல், மேல சொன்ன பல்லாயிரம் ஃபைல் பிரச்சனை ஒரே அடியில தீந்துடும். கிளாஸ் மொத்தத்துக்கும் ஒரே என்விரான்மென்ட் வேணும்னா ஒரு இமேஜ் செஞ்சு பொது இடத்துல வெச்சுடலாம், அறுபது பேரும் அதையே ஓட்டுவாங்க.

ரூட் இல்லாத போட்மேனும் (டாக்கர் மாதிரி இன்னொரு டூல்) நல்லதுதான், ஆனா அதோட இமேஜ் ஸ்டோர் என்எஃப்எஸ் ஹோம்ல ஒழுங்கா வேலை செய்யாது, லோக்கல் டிஸ்க்குக்குத் திருப்பி விடணும், ஒவ்வொரு யூசருக்கும் சப்யூஐடி (கன்டெய்னருக்குள்ள பயன்படுத்திக்க கூடுதல் யூசர் நம்பர்) ஒதுக்கணும், எல்டாப் யூசருக்கு அது தானா வராது. உபுண்டு 24.04ல இன்னொரு விஷயம், ரூட் இல்லாம யூசர் நேம்ஸ்பேஸ் (கன்டெய்னருக்குன்னு தனி யூசர் உலகம்) திறக்குறதை ஆப்ஆர்மர் (உபுண்டுவோட பாதுகாப்பு அமைப்பு) கட்டுப்படுத்துது, கையால கம்பைல் பண்ணிப் போட்ட டூல் "நேத்து 22.04ல ஓடுச்சே"ன்னு நிக்கும், அதுக்கு ஒரு ஆப்ஆர்மர் ப்ரொஃபைல் எழுதணும்.

மறைமுகச் செலவு: இமேஜ்ங்கிறது உறைஞ்சு போன ஒரு ஓஎஸ். ரெண்டு வருஷம் முன்னாடி செஞ்சதுல ரெண்டு வருஷ ஓட்டை அப்படியே இருக்கும். கம்ப்யூட் வேலைக்கு அது பெரிய ஆபத்து இல்ல, அதுல வெப் சர்வர் ஓட்டுனா ஆபத்து. டாக்கர் ஹப்ல (பொது இமேஜ் கிடங்கு) லாகின் இல்லாம இழுத்தா ஐபி கணக்குல லிமிட் வெக்குறாங்க, கேம்பஸ் மொத்தமும் ஒரே ஐபில வெளிய போனா காலைல லேப் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே லிமிட் தீந்துடும், லோக்கலா ஒரு மிர்ரர் வெச்சுக்கோங்க.

எப்போ இது சரி: டிப்பெண்டன்சி ரொம்பப் பழசு இல்ல ரொம்பப் புதுசு. பைத்தான் 2ல எழுதுன டூல் இன்னும் பல லேப்ல உயிரோட இருக்கு, பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரி 1ஓட முடிஞ்சு போச்சு, அதுக்காக சிஸ்டத்தைக் கெடுக்காம இமேஜ்ல அடைச்சுடுங்க. பேப்பர்ல போட்ட ரிசல்ட்டைத் திரும்ப ஓட்டிக் காட்டணும்னாலும் இதான்.

## வழி 6: ஃப்ளாட்பேக், ஸ்னாப்

டிஸ்ட்ரோவைச் சாராம ஆப்பைத் தனியா போடுற பேக்கேஜ் முறைகள் இவை, ஜியுஐ (விண்டோ திறந்து ஓடுற) ஆப்புக்கு மட்டும் யோசிங்க. ஃப்ளாட்பேக்கை யூசரே தன் ஹோம்ல போட்டுக்கலாம், ஆனா முதல் ஆப்போட கூடவே ரன்டைம் வந்து இறங்கும், பல நூறு எம்பி, அது ஒவ்வொரு ஹோம்லயும்னா கோட்டா காலி. சிஸ்டத்துக்குப் பொதுவா நீங்களே போட்டுட்டா ரன்டைம் ஒண்ணு போதும். ஃப்ளாட்ஹப்ல (ஃப்ளாட்பேக் கிடங்கு) இருக்கிறது எல்லாமே அந்த ஆப் எழுதுனவங்க போட்டது இல்ல, வெரிஃபைட் குறி இருக்கான்னு பாருங்க.

ஸ்னாப் தானா அப்டேட் ஆகிக்கும், அது நல்லது கெட்டது ரெண்டும். ஹோம் டைரக்டரி வழக்கமான இடத்துல இல்லாம வேற எங்கயாவது மவுன்ட் ஆகியிருந்தா ஸ்னாப் ஆப் திறக்கவே திறக்காது, ஹோம்டர்ஸ் செட்டிங் போட்டுச் சொல்லணும். 22.04ல இருந்து ஃபயர்ஃபாக்ஸே ஸ்னாப்தான், அதனால இந்தப் பிரச்சனையை நீங்க தேர்ந்தெடுக்கலன்னாலும் அது உங்களைத் தேடி வரும்.

## ஒரு பார்வையில

| வழி | பேட்ச் யார் கையில | ரூட் வெளிய போகுதா | மெஷினைத் திரும்ப ஏத்துனா |
|---|---|---|---|
| டிஸ்ட்ரோ பேக்கேஜ் | டிஸ்ட்ரோ (யுனிவர்ஸ்னா சந்தேகம்) | இல்ல, வெளி ரெப்போ சேத்தா ஆமா | தானா வரும் |
| சுடோ | யாரும் இல்ல | முழுசா | போச்சு |
| ஹோம்ல | யூசர், பேருக்கு | இல்ல | ஹோம்ல இருக்கும், எல்டிஎஸ் மாறுனா உடையும் |
| மாட்யூல் மரம் | நீங்க | இல்ல | மவுன்ட் பண்ணா வரும் |
| ஆப்டெய்னர் | இமேஜ் செஞ்சவர் | இல்ல | ஃபைல் இருந்தா போதும் |
| ஃப்ளாட்பேக், ஸ்னாப் | ஆப் போட்டவர் | ஸ்னாப் போட நீங்க வேணும் | ப்ளேபுக்ல எழுதுனா வரும் |

## வழக்கமா வர்ற சில ரிக்வெஸ்ட்

க்யூஜிஐஎஸ் (மேப் சாஃப்ட்வேர்) கேட்டா: ஜியாகிரஃபி கிளாஸ் மொத்தத்துக்கும்னா டிஸ்ட்ரோ வெர்ஷன், ஒரு ரிசர்ச் ஸ்காலருக்கு புது வெர்ஷன்தான் வேணும்னா கோண்டா-ஃபோர்ஜ்ல இருந்து அவர் ஹோம்ல.

பைடார்ச் கேட்டா டிரைவர் உங்க வேலை, மிச்சம் வென்வ்ல அவர் வேலை. பத்து பேர் ஒரே ப்ராஜெக்ட்னா இமேஜ்.

டேட்டாபேஸ் சர்வர் கேட்டா லேப் மெஷின்ல போடாதீங்க. தனியா ஒரு சர்வர்ல ஆளுக்கு ஒரு டேட்டாபேஸ், லேப்ல கிளையன்ட் மட்டும்.

வயர்ஷார்க் (நெட்வொர்க்ல போற பாக்கெட்டைப் பிடிச்சுப் பாக்குற டூல்) கொஞ்சம் நாசூக்கானது. பேக்கேஜ் போடும்போது ரூட் இல்லாதவங்களும் பாக்கெட் பிடிக்கலாமான்னு கேக்கும், டிஃபால்ட் இல்லன்னுதான். ஆமான்னு வெச்சாலும் வயர்ஷார்க் குரூப்ல இருக்கிறவங்களாலதான் முடியும். நெட்வொர்க் லேப் பீரியடுக்கு வர்ற பசங்களை அந்த குரூப்ல சேருங்க, அந்த லேப் மெஷின்ல மட்டும், செமஸ்டர் முடிஞ்சதும் எடுத்துடுங்க. ஆன்சிபிள்ல டெப்கான்ஃப் (இன்ஸ்டால் ஆகும்போது கேக்குற கேள்வி) பதிலை முன்னாடியே எழுதி வெக்கலன்னா அது டிஃபால்ட்டை எடுத்துட்டுப் போயிடும், அப்புறம் பீரியட் ஆரம்பிச்ச அப்புறம்தான் தெரியும்.

ரிமோட் டெஸ்க்டாப் டூல், வீட்டுல இருந்து லேப் மெஷினைத் திறக்கணும்னு கேப்பாங்க. ரூட்டா ஒரு சர்வீஸ் எப்பவும் ஓடி வெளி ஆளோட சர்வருக்குப் பேசிட்டே இருக்கும், அதுக்கு மேல சொன்ன எந்த வழியும் பொருந்தாது. இல்லன்னு சொல்லிட்டு எஸ்எஸ்ஹெச் கேட்வேல எப்படி வர்றதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க.

போடும்போதே ப்ளேபுக்ல அந்த வரிக்குப் பக்கத்துல யாரு கேட்டாங்க, எந்தக் கோர்ஸுக்கு, எப்போ வரைக்கும்னு ஒரு கமெண்ட் போட்டுடுங்க. ஜூன் மாசம் லேப் காலியா இருக்கிறப்போ அந்தக் கமெண்ட்டைப் படிச்சு காலாவதி ஆனதை எல்லாம் ஆப்சென்ட்னு மாத்துங்க. கத்துறவங்க இருந்தா கத்துவாங்க, அப்போ திரும்பப் போட்டுக்கலாம்.